‘போயிட்டான்’ என்ற சொல்

எங்கள் மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டுகிறவரை எல்லோரும் எங்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ‘எங்க அண்ணன்’ என்பதைச் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவு பேருக்கும் பிரியமான மனிதர் போலிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மூன்றாம் மாடியின் பெரிய சிஸ்டர்தான், அது அந்த ‘எங்க’ இல்லை என்று விளக்கினார்.

வார்டில் யாராவது இறந்தால் லிஃப்டுக்குப் போன் போகும். “பன்னிரண்டாம் பெட்டு போயிட்டாருண்ணே, வண்டி வருது” என்பார்கள். மறுமுனையில் அவர் கேட்பார்: “எங்க போயிட்டாரு?”

பெரிய சிஸ்டர் இதைச் சொல்லும்போது அந்தக் கேள்வியை எங்கண்ணன் குரலிலேயே கேட்டுக் காட்டிவிட்டுச் சொல்வார். “செத்தவரு எங்கம்மா போவாரு, சினிமாவுக்கா? இருபத்திரண்டு வருஷமா கேக்கறாரு. ஒரு நாளாவது யாராவது விலாசம் சொல்வாங்கன்னு பார்க்கிறாரோ என்னமோ.” இந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். வைத்த அன்றே அது ஆறு மாடிக்கும் ஏறிவிட்டதாம்.

அவர் லிஃப்ட் ஓட்டும் விதமும் வேறு மாதிரி. எங்களுடையது ஸ்ட்ரெச்சர் ஏற்றுகிற பெரிய லிஃப்ட். இழுத்து மூடுகிற கம்பிக்கதவு, மூலையில் ஆணி அடித்து நிறுத்திய முக்காலி, தலைக்கு மேல் சுற்றுவதும் நிற்பதுமாக ஒரு சின்ன மின்விசிறி. பதின்மூன்று பேர் ஏறலாம் என்று தகட்டில் எழுதியிருக்கும். அவர் அந்தக் கணக்கை மதிக்கமாட்டார். “படுத்தவர் ஒருத்தர், உட்கார்ந்தவர் ஒருத்தர், நின்னவர் நாலு. போதும்” என்பார். ஆனால் கதவை மட்டும் உடனே மூடமாட்டார். தலையை வெளியே நீட்டி, நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்து, “இன்னும் யாராவது இருக்கீங்களா?” என்று கேட்பார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அறுவை சிகிச்சைக்கு அவசரமாகப் போகிற டாக்டர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். “என்ன, பஸ்ஸா ஓட்டறீங்க? விசில் குடுக்கட்டுமா?” என்று ஒருவர் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே நான்காவது தடவையும் பார்த்துவிட்டுத்தான் கதவை இழுத்தார்.

எனக்கு வேலை தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்து அறையில். நோயாளிகளின் பழைய கோப்புகளை அடுக்குவது, வீட்டுக்குப் போகிறவர்களுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று தமிழ், அலுவலக மொழி இரண்டிலும் தட்டச்சு செய்து கொடுப்பது. நான் சிறு வயதிலிருந்தே இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால் இந்த வேலை கிடைத்தது. சுலபமான வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். ஒருவர் வந்து “நெஞ்சு என்னமோ பண்ணுது” என்று சொல்லியிருப்பார். தமிழில் அப்படியே எழுதிவிடலாம். அலுவலக மொழியில் அந்த ‘என்னமோ’வை வைக்க இடம் கிடையாது. வலியா, படபடப்பா, மூச்சுத்திணறலா என்று ஏதாவது ஒன்றில் கைவைத்தாக வேண்டும்.

எங்கண்ணன் என்னை ரெக்கார்டம்மா என்பார். அதிகம் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். அதனால் எங்களுக்குள் ஒரு சிநேகம் இருந்தது. மதியம் ஒரு மணிக்கு வேறு ஒருவர் லிஃப்டைப் பார்த்துக்கொள்ள, அவர் என் அறையின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். பல நாளாகப் பையிலேயே இருந்திருக்க வேண்டும், வியர்வையில் ஓரம் நைந்துபோயிருந்தது.

“எனக்கு இந்த அலுவலக மொழி பேச வரும். படிக்கறது தட்டுத்தடுமாறித்தான். யாரு எழுதியிருக்காங்கன்னு தெரியுது. என்ன எழுதியிருக்குன்னும் கொஞ்சம் தெரியுது. நீங்க ஒரு தடவை படிச்சுச் சொல்லிடுங்க.”

அவர் பட்டாளத்தில் இருந்தவர் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. முன்னாள் படைவீரர் சங்கம் வழியாக வந்த கடிதம் அது. எழுதியவர் ஒரு பெண். இருபத்தாறு வருடங்களுக்கு முன் காட்டுச் சண்டையில் இறந்துபோன ஒரு வயர்லெஸ்காரரின் தங்கை. அந்த நாளில் அந்தப் பகுதிக்குப் பறந்த ஹெலிகாப்டரில் இருந்தவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் தன் கடிதத்தைச் சேர்க்கும்படி கேட்டிருந்தார். பைலட் இறந்துவிட்டார். மீதம் இருந்தவர் இவர் ஒருவர்தான்.

நான் வாய்க்கு வந்த தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். “எங்க அண்ணன்...” என்று ஆரம்பித்ததும் அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. மறுபடி தொடங்கினேன்.

“எங்க அண்ணன் மலைமுகட்டுக் காட்டில் அடிபட்டு, ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே அந்த இடத்திலேயே இறந்துவிட்டார் என்று எங்களுக்கு வந்த தாளில் இருக்கிறது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. அவர் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பூட்ஸைக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஆற்று மணல் விழுந்தது, ஈரம்கூடக் காயவில்லை. மலைமுகட்டில் மணல் ஏது? அப்பாவிடம் கேட்டேன், அவர் பேசாமல் இருக்கச் சொன்னார். அலுவலகத்தில் கேட்டேன், தாளைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் எங்கே இறந்தார் என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு வரி போதும்.”

அவர் உறையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். “மூணு வாரமா வச்சிருக்கேன். சொல்லணுமா, வேண்டாமான்னு புரியல” என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அதன் பிறகு வந்த நான்கைந்து மதியங்களில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். லிஃப்ட் மணி அடித்தால், மாற்று ஆள் இருந்தும் பாதியில் எழுந்து போவார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நான் அதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஹெலிகாப்டரில் அவருக்கு வேலை கயிற்றைப் பார்த்துக்கொள்வது. பெயர்தான் கயிறு, உண்மையில் சுண்டுவிரல் பருமனில் எஃகுக் கம்பி. இறங்குவதற்கு இடம் இல்லாத காட்டில், மரங்களுக்கு மேல் ஹெலிகாப்டரை நிறுத்திவைத்து, கிளைகளுக்கு நடுவே ஒரு பொத்தல் பார்த்து அந்தக் கம்பியை இறக்கி, அடிபட்டவர்களை ஒவ்வொருவராக மேலே இழுக்க வேண்டும். அவர் வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டு கீழே பார்ப்பார். பைலட்டுக்குக் கீழே தெரியாது. “இடது பக்கம் ரெண்டடி, பின்னாடி ஓரடி, நில்லு” என்று இவர்தான் காதுக்கருவி வழியே சொல்லவேண்டும். கொக்கி முதலில் தரையைத் தொட்டாக வேண்டும், அதற்கு முன்னால் கீழே இருப்பவர் கைவைத்தால், பறக்கும்போது கம்பியில் சேர்ந்த மின்சாரம் தூக்கிப் போட்டுவிடும். இடத்தைக் காட்டக் கீழே வண்ணப் புகை போடுவார்கள். என்ன நிறம் என்பதை அவர்கள் முதலில் சொல்லக்கூடாது, மேலேயிருந்து இவர்தான் சொல்லவேண்டும். எதிராளியும் ஒட்டுக்கேட்டுப் புகை போடுவான் என்பதால் அந்த ஏற்பாடு. ஒரு ஆளை ஏற்ற ஐந்தாறு நிமிடம். அத்தனை நிமிடமும் ஹெலிகாப்டர் ஆடாமல் அசையாமல் நிற்கும். சுடுகிறவனுக்கு அதைவிட வசதி வேறு கிடையாது.

படுத்தவர் எத்தனை, உட்கார்ந்தவர் எத்தனை என்பதுதான் முதல் கேள்வி. இறந்தவர்களை முதல் நடையில் எடுக்கமாட்டார்கள். உயிருள்ளவர்களுக்குத்தான் இடம், எரிபொருள் எல்லாம்.

பைலட் அலுவலக மொழிக்காரர். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கீழே இருந்த படைப்பிரிவில் இரண்டு மொழிக்காரர்களும் கலந்து இருந்தார்கள். வயர்லெஸில் அலுவலக மொழிதான் பேசவேண்டும் என்பது விதி. அந்தப் பிரிவின் வயர்லெஸ்காரருக்கு நெட்டை என்று பெயர். அவரும் அலுவலக மொழிக்காரர்தான். இவர் அவரை நேரில் பார்த்ததே இல்லை, குரலோடுதான் பழக்கம். ஏழெட்டு மாதம் அந்தக் குரல்தான் இவர்களைக் காட்டுக்குள் வழிகாட்டிக் கூட்டிப்போனது. “நீ அவ்வளவு உயரமா?” என்று ஒருமுறை இவர் கேட்டிருக்கிறார். “என்னைவிடக் குள்ளமான ஆள் இந்தப் பிரிவிலேயே இல்லை, அதனால்தான் இந்தப் பெயர்” என்று பதில் வந்ததாம்.

அந்தப் பிரிவில் மருந்துப் பை தூக்குகிறவர் ஒரு தமிழர். எல்லோரும் மருந்துப்பை என்றே கூப்பிட்டார்கள். நெட்டைக்குக் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொடுத்தது அவர்தான். தமிழர்கள் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லமாட்டார்கள், வழியனுப்புகிறவர்களும் ‘போ’ என்று சொல்லமாட்டார்கள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதிலிருந்து, ஹெலிகாப்டர் கிளம்பும்போதெல்லாம் விதியை மீறி நெட்டையின் குரல் ஓட்டைத் தமிழில் வரும்: “போயித்து வாங்க.”

“ஒரு நாள்கூடச் சொல்லாம விட்டதில்ல” என்றார் எங்கண்ணன்.

அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. நான்கு பேருக்கு அடி. வயர்லெஸில் வந்தது நெட்டையின் குரல் இல்லை. மருந்துப்பை மூச்சுவாங்கிக்கொண்டு பேசினார். நெட்டைக்கும் அடி, விலாவில், ஆனால் நடக்கிறார் என்றார். பதற்றத்தில் அவருக்கு அலுவலக மொழி வரவில்லை, தமிழில்தான் பேசினார். அதனால் அவர் சொல்வதையெல்லாம் இவர் பைலட்டுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே கம்பியையும் பார்த்துக்கொண்டார்.

படுத்தவர் இரண்டு பேரை ஏற்றினார்கள். மூங்கிலில் மழைக்கோட்டைக் கட்டிச் செய்த தூளி கிளையில் மாட்டிக்கொண்டதால் இரண்டாவது ஆளுக்கு அதிக நேரமாயிற்று. மூன்றாவது ஆளைப் பட்டையில் உட்காரவைத்து இழுத்தார்கள். அதற்குள் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எரிபொருள் விளக்கு எரிய ஆரம்பித்தது. மேற்கே மழை கட்டிக்கொண்டு நின்றது. “நாலாவது ஆள்?” என்று பைலட் கேட்டார். இவர் தமிழில் கீழே கேட்டார். “நெட்டை போயிட்டான்” என்று மருந்துப்பை சொன்னார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். இன்ஜின் இரைச்சலில் கரகரவென்று போய்விட்டது.

இந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டார். அந்த மதியம் லிஃப்ட் மணிகூட அடிக்கவில்லை.

“அந்த மொழியில செத்துப் போறதுக்கும் கிளம்பிப் போறதுக்கும் வேற வேற வார்த்தை, ரெக்கார்டம்மா. உங்களுக்கே தெரியும். நான் ஒண்ணைச் சொல்லணும். அரை நிமிஷம்கூட இல்ல. செத்துட்டான்னு சொன்னேன். நிச்சயமாவான்னு பைலட் கேட்டாரு. நிச்சயம்னேன்.”

ஹெலிகாப்டர் திரும்பியது. கீழே ஒரு ஆறு வளைந்து போனது. அதில் ஒரு மணல் திட்டு. திட்டில் ஒரு மரக்கட்டையில் சாய்ந்து ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். ஒரு கையைத் தூக்கினார். காவலுக்கு நிற்கிற ஆள் என்று இவர் நினைத்தார். பதிலுக்கு, வாசலில் படுத்தபடியே தானும் கையை அசைத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வானம் விட்டது. இறந்தவரை எடுக்கப் போனார்கள். மலைமுகட்டுக்குப் போகவேண்டாம், ஆற்றுத் திட்டில் இறங்குங்கள் என்று செய்தி வந்தது. இவர் மணலில் குதித்தார். அதே மரக்கட்டை, அதே சாய்வு. பக்கத்தில் மருந்துப்பை நின்றுகொண்டிருந்தார். நெட்டையின் முகத்தை இவர் முதல்முதலாக அப்போதுதான் பார்த்தார். சொன்ன மாதிரியே குள்ளமாகத்தான் இருந்தார்.

“ஏண்ணே நேத்தே எடுக்கல?” என்று மருந்துப்பை கேட்டாராம். “நான்தான் சொன்னேனே, போயிட்டான்னு. கம்பிக்குக் காத்திருந்தா நேரமாகும், திட்டுல நீங்க சும்மா இறங்கிடலாம்னு அவனாதான் ஆத்துக்குப் போயிட்டான். நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும், ஏத்தத்தான் போறீங்கன்னு நினைச்சேன். இருட்டறதுக்குள்ள நான் இறங்கி வந்து பார்க்கிறேன், இங்கயே உட்கார்ந்திருக்கான். அவரு கை காட்டினாரு, வந்துடுவாங்கன்னு சொல்றான். கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னான்.”

அறிக்கை முந்தின நாளே எழுதிப் போய்விட்டது. ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே இறந்தார் என்று. இவர் அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னார். குடும்பத்துக்கு இதுதான் ஆறுதல், விட்டுவிடு என்று அவர் சொல்லிவிட்டார். பைலட் இவரைத் திட்டவில்லை. “நீ சொன்னாய், நான் திருப்பினேன்” என்று மட்டும் சொன்னார். அதைவிட நாலு அடி கொடுத்திருக்கலாம் என்றார் எங்கண்ணன்.

“ஒரு வார்த்தை. பொத்தானை அமுக்கி, ‘எங்க?’ன்னு கேட்டிருந்தா போதும்.”

அடுத்த நாள் அவர் மனைவி என் அறைக்கு வந்தார். அவருக்கும் இங்கேதான் வேலை, சலவைப் பிரிவில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பார். அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றபடி, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஏம்மா, எல்லாத்தையும் சொல்லிட்டாராமே” என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வீட்டில் அந்த ஒரு சொல் கூடவே கூடாது என்று, கல்யாணமான புதிதில் தான் பட்ட பாட்டைச் சொன்னார். “பாலு பொங்கிப் போயிடுச்சுன்னு சொன்னா, எங்கன்னு கேப்பாரு. அடுப்பு மேலதான்னு சொல்லிட்டுத் துடைப்பேன். கரண்டு போயிடுச்சுன்னாலும் அதே கேள்விதான். நமக்கு வாய்ச்சது இப்படின்னு ரெண்டு வருஷம் நானும் சிரிச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் எங்க அம்மா செத்தாங்க. ஊர்லேர்ந்து போன் வந்துது. போன வச்சுட்டு, அம்மா போயிட்டாங்கன்னேன். எங்கன்னு கேட்டாரு. அப்பதான் ஒரே அழுகையா அழுதேன். அவரும் அழுதாரு. அன்னிக்குத்தான் இந்தக் கதையெல்லாம் சொன்னாரு.”

அவர் நாடாவைக் கையில் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

“அந்தப் பொண்ணுக்கு எழுதட்டும்மா, நான் வேண்டாங்கல. மணலு எங்கேர்ந்து வந்துதுன்னுதானே கேக்கறா? ஆத்துலேர்ந்துன்னு எழுதச் சொல்லு. இவரு தப்பாச் சொன்னதைக்கூட எழுதட்டும். அந்தக் கை காட்டினதை மட்டும் எழுத வேண்டாம். அதைப் படிச்சா அவ எப்படிம்மா தாங்குவா? எழுதிட்டு இவரு எப்படி இருப்பாரு? பாத்துக்க வேண்டியவ நான்தானே.”

அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால், என்ன எழுதவேண்டும் என்று நான் சொல்லக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது. அவரிடமே சொல்லிவிட்டேன், உங்கள் வீட்டுக்காரர் எதைச் சொல்கிறாரோ அதைத்தான் நான் எழுதமுடியும் என்று. “அது தெரியும்மா. உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொன்னாரா, இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் எங்கண்ணன் கடிதப் பேச்சையே எடுக்கவில்லை. லிஃப்டில் கதவை மூட முன்பைவிட நேரமெடுத்துக்கொண்டார். அந்த வாரத்தில் ஒரு நாள் பெரிய சிஸ்டர் வேகமாக வந்து, “ஐஞ்சாம் பெட்டு பெரியவரு போயிட்டாருண்ணே, சீக்கிரம் மேல வாங்க” என்றார். இவர் வழக்கம்போல எங்க என்று கேட்டார். “ஐயோ, மேலதாண்ணே, சொர்க்கத்துக்கு. உங்க லிஃப்டு அதுவரைக்கும் போகுமா?” என்றார் சிஸ்டர். கூட நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கதவு திறந்திருந்த என் அறைவரை அந்தச் சிரிப்பு வந்தது. எங்கண்ணனும் சிரித்தார். நான் எழுந்துபோய் என் அறைக்கதவைச் சாத்தினேன்.

மறுநாள் ஒரு மணிக்கு வந்தவர், “எழுதிடலாம்” என்றார்.

அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் நேராக அலுவலக மொழியில் எழுதினேன். தான் யார், ஹெலிகாப்டரில் தன் வேலை என்ன, உங்கள் அண்ணன் குரல் எப்படியிருக்கும், குள்ளமானவருக்கு நெட்டை என்று ஏன் பெயர் வந்தது, கிளம்பும்போது என்ன சொல்வார் என்பதையெல்லாம் அவசரப்படாமல் சொன்னார். பிறகு அந்த மதியத்துக்கு வந்தார். “அப்ப மருந்துப்பை, ‘நெட்டை போயிட்டான்’னு சொன்னாரு” என்றார்.

என் பேனா நின்றுவிட்டது.

‘கிளம்பிப் போனார்’ என்று எழுதினால், இவர் புரிந்துகொண்டது அது இல்லை. ‘இறந்தார்’ என்று எழுதினால், மருந்துப்பை சொன்னது அது இல்லை. அந்த மொழியில் இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அவரிடம் சொன்னேன்.

“அன்னிக்கு எனக்கு நேரமில்ல. நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க” என்றார்.

வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘போயிட்டான்’ என்ற ஒலியை அப்படியே அந்த மொழியின் எழுத்தில் எழுதினேன். எங்கள் பேச்சில் இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று அடுத்த வரியில் விளக்கினேன். அதை அவருக்குத் திருப்பிச் சொன்னதும், தலையை ஆட்டிவிட்டு மேற்கொண்டு சொன்னார். ‘எங்கே என்று நான் கேட்கவில்லை’ என்று எழுதச் சொன்னார். அதை மட்டும் தனி வரியாக எழுதச் சொன்னார்.

மணல் திட்டு வந்தது. கையைத் தூக்கிய ஆள் வந்தார். அவர் நிறுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஏறுகிற சத்தம் கேட்டது. அது ஆறாம் மாடிக்குப் போய் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“வீட்ல வேண்டாங்கறா” என்றார். “அவ சொல்றது சரிதான். ஆனா அந்தப் பொண்ணு எங்கேன்னு கேட்டிருக்கு. யாருமே பதில் சொல்லல. நானும் பாதி சொன்னா, மறுபடி ஒரு வார்த்தையை நான்தான் தேர்ந்தெடுக்கற மாதிரி ஆயிடும். அவங்க அண்ணன் கடைசியா என்ன சொன்னான்னு தெரிஞ்சுக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. எழுதுங்க. நானும் கையை அசைச்சேன்னு எழுதுங்க. ‘அவரு கை காட்டினாரு, வந்துடுவாங்க’ன்னு அவன் சொன்னதையும் எழுதுங்க.”

எழுதினேன். கடைசியில் மன்னிப்பு என்ற சொல்லை வைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கேட்டால் அந்தப் பெண் பதில் சொல்லியாக வேண்டும், அந்தச் சிரமம் எதற்கு என்றார். கையெழுத்தைத் தமிழில் போட்டார். அந்த ஆறு எப்படி வளைந்து போகும், திட்டு எந்த இடத்தில், மரக்கட்டை எந்தப் பக்கம் என்று ஒரு தாளின் பின்புறத்தில் பேனாவால் வரைந்து கொடுத்தார். அதையும் சேர்த்து உறையில் வைத்தேன்.

உறையை ஒட்டும்போது வாசலில் பெரிய சிஸ்டர் நின்றிருந்தார். ஏதோ கோப்பு கேட்டு வந்தவர். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. கோப்பைக் கேட்காமலே திரும்பிப் போனார்.

பதில் வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் எங்கண்ணன் இளைத்துப்போனார். மதியம் அவர் மனைவியும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். கடிதத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. “இன்னொரு வாய்” என்பது மட்டும் கேட்கும்.

கடிதம் வந்த அன்று மூன்று பேரும் இருந்தோம். அரைப்பக்கம்கூட இல்லை. நான் படித்துச் சொன்னேன்.

“நீங்கள் அனுப்பியது கிடைத்தது. கையசைத்ததை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம் என்று முதலில் கோபம் வந்தது. கடிதத்தை ஒளித்துவைத்தேன். பிறகு எடுத்துப் படித்தேன். அண்ணன் தான் தனியாக விடப்பட்டதாக நினைக்கவில்லை, யாரோ வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது நல்லதா, கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அம்மா இருக்கிறார், அவரிடம் சொல்லவில்லை, சொல்லமாட்டேன். மணலை ஒரு பாட்டிலில் வைத்திருந்தேன். நீங்கள் வரைந்த தாளின்மேல் அந்தப் பாட்டிலை வைத்திருக்கிறேன். இனி யாரிடமும் கேட்கமாட்டேன். நீங்கள் மறுபடி எழுதவேண்டாம்.”

அவர் மனைவி கழுத்து நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கண்ணன் கடிதத்தை வாங்கி, தனக்குச் சரியாகப் படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஒன்றரை மணிக்கு அவர் லிஃப்டுக்குத் திரும்பினார். சற்று நேரத்தில் அங்கே போன் அடித்தது. என் கதவு திறந்தே இருந்தது. மூன்றாம் மாடியிலிருந்து வந்த போன் என்பதும், பெரிய சிஸ்டரின் குரல் என்பதும் இங்கிருந்தே தெரிந்தது. அவருக்கு எப்போதும் பெரிய குரல். இன்று கொஞ்சம் தணித்துப் பேசியும் இங்கே கேட்டது.

“அண்ணே, எட்டாம் பெட்டு அம்மா இறந்துட்டாங்க. ஒண்ணு இருபதுக்கு. பொண்ணு பக்கத்துலதான் இருந்தாங்க. படுத்தவர் ஒருத்தர், நின்னவர் ரெண்டு பேர். மெதுவா வாங்க.”

எங்கண்ணன் ‘எங்க’ என்று கேட்கவில்லை.

“சரிம்மா, வரேன்” என்றார்.

போனை வைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டி, நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. “இன்னும் யாராவது இருக்கீங்களா?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டுக் கதவை இழுத்தார்.